பணி முடிந்து போகும் வழியில் ஒருவர் விழுந்தார். நான் செய்தது சரிதானா?

இரவுப்பணி எழுதியது:

நான்கு நாட்களாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குழுவில் பாதிப்பேர் செவிலியர்கள், மீதிப்பேர் செவிலியரைக் கட்டிக்கொண்டு அவதிப்படுபவர்கள் என்பதால் துணிந்து எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலும்புமுறிவுப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அன்று இரவுப் பணி முடித்து, சீருடையைப் பைக்குள் திணித்துக்கொண்டு ரயில் நிலைய நடைமேடையில் நின்றிருந்தேன். கண்ணெல்லாம் தூக்கம். எனக்குச் சற்றுத் தள்ளி, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாள் கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கத்தான் குனிகிறார் என்று நினைத்தேன். அப்படியே சரிந்துவிட்டார். விழும்போது கையை ஊன்றவில்லை.

தடுக்கி விழுகிறவர்கள் எல்லோரும் கையை ஊன்றுவார்கள். அதனால்தான் எங்கள் பிரிவில் மணிக்கட்டு முறிவு அவ்வளவு வருகிறது. கையை ஊன்றாமல் விழுகிறவர் தரையைத் தொடும் முன்பே நினைவிழந்திருக்கிறார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஓடவில்லை.

கைகால்கள் இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தன. "வலிப்பு, வலிப்பு" என்றார்கள். ஒருவர் பேனாவை எடுத்து அவருடைய பற்களுக்கு நடுவே வைக்கப் போனார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து வினாடியா, இருபது வினாடியா, தெரியவில்லை. யாராவது விவரம் தெரிந்தவர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேனாவைப் பார்த்தபோதுதான் உறைத்தது, அங்கே இருப்பதில் விவரம் தெரிந்த ஆள் நான்தான் என்று.

போய் மண்டியிட்டேன். தோளைத் தட்டினேன், கத்தினேன், அசைவில்லை. கழுத்தில் நாடி பார்த்தேன். வார்டில் ஆயிரம் முறை பார்த்த விரல்கள்தான், ஆனால் என் விரல் நுனியில் துடிப்பது அவருடைய நாடியா, என் நாடியா என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் ஒரு மூச்சு இழுத்தார். குறட்டை மாதிரி, வாயை அகலத் திறந்து. சுற்றி நின்றவர்கள் "மூச்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறது" என்று மகிழ்ந்தார்கள். நானும் ஒரு கணம் மகிழ்ந்தேன் என்பதை இங்கே மறைக்கவில்லை. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். அது வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. வந்தபோது முன்னதைவிடச் சிறியதாக இருந்தது.

மார்பை அழுத்தத் தொடங்கினேன். பதினைந்தோ இருபதோ எண்ணியிருப்பேன், என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ முறிந்தது. சத்தம் காதில் விழுந்ததா, கையில் உணர்ந்தேனா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. எலும்பை ஒட்டவைக்கும் பிரிவில் 11 ஆண்டு வேலை பார்த்தவள் ஒருவருடைய எலும்பை முறித்தேன். ஒரு அம்மா "ஐயோ, கொல்லுகிறாளே, பிடித்து இழுங்கள்" என்று அலறினார். "நான் நர்ஸ்" என்றேன். கூட்டத்திலிருந்து ஒருவர் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். அழுத்திக்கொண்டிருக்கும்போது! அட்டை பைக்குள் இருந்தது. பை எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

நீலச் சட்டை போட்டிருந்த ஒருவரை விரலை நீட்டி அழைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னேன். இன்னொரு பையனை இதய அதிர்வுக் கருவி, அதாவது நின்ற இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் பெட்டி, எங்காவது இருக்கிறதா பார்த்துவரச் சொன்னேன். அவன் மூச்சிரைக்க ஓடி வந்து, எங்கேயும் இல்லை என்றான். மூன்றாவதாக ஒரு கல்லூரி மாணவர், கேட்காமலே எதிரில் வந்து மண்டியிட்டார். கை வைக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். நான் எண்ண, அவர் அழுத்தினார். பிறகு நான். பிறகு அவர்.

ஆம்புலன்ஸ் வர 9 நிமிடம் ஆனது. அந்தத் தொலைபேசியில் பதிவாகியிருந்ததால் சொல்கிறேன்; என்னைக் கேட்டால் ஒரு மணி நேரம் என்றுதான் சொல்வேன். இரண்டு முறை அதிர்வு கொடுத்தார்கள். துடிப்பு வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய ஒரு செருப்பும் செய்தித்தாளும் நடைமேடையில் கிடந்தன. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் செருப்பை எடுத்து இருக்கையின்மேல் வைத்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறினேன். வீட்டுக்கு வந்தும் தூங்கவில்லை. இரண்டு மணிக்கட்டும் இன்னும் வலிக்கின்றன.

எனக்கு மூன்று உறுத்தல்கள். விலா எலும்பு. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கவில்லை, என்னிடம் முகமூடி எதுவும் இல்லை, அறியாத மனிதர், மனம் ஒப்பவில்லை. மூன்றாவது, நின்ற அந்த வினாடிகள். இதற்கு மேல், என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி, "சீருடை இல்லாத நேரத்தில் ஏன் தலையைக் கொடுத்தாய்? செத்துப்போயிருந்தால் அவர் குடும்பம் உன்னைத் தேடி வரும்" என்கிறாள்.

~~~

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தோழி சொன்னதிலும் பிழையில்லை. என் மனைவியும் செவிலியர். 12 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருபவர் வழியிலும் வேலை பார்க்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது? மருத்துவமனையில் தவறு நடந்தால் பின்னால் நிர்வாகம் நிற்கும், காப்பீடு நிற்கும். நடைமேடையில் யார் நிற்பார்கள்? நீங்கள் செவிலியர் என்று வாய்விட்டுச் சொன்னதே தேவையில்லாதது. சொல்லாமல் செய்திருக்கலாம்.

~~~

பழைய தலைமைச் செவிலி எழுதியது:

விலா முறிந்ததா? அப்படியானால் ஆழமாகத்தான் அழுத்தியிருக்கிறாய் மகளே. பெரியவர்களுக்கு மார்பு குறைந்தது 5 செ.மீ. இறங்க வேண்டும், 6 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது. ஐம்பது வயது மார்புக்கூடு அவ்வளவு இறங்கும்போது ஒன்றிரண்டு விலா முறிவது வழக்கம்தான். பயிற்சிப் பொம்மைக்கு விலா முறிவதில்லை, அதனால் முதல் முறை அந்தச் சத்தத்தைக் கேட்கும் எல்லோரும் கையை எடுத்துவிடுகிறார்கள். நீ எடுத்தாயா? இல்லையே. முறிந்த விலாவோடு எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டிய நோயாளி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் திட்டியதை இன்றுவரை ரசிக்கிறேன்.

நான் 38 ஆண்டுகள் பணி செய்தேன். பணியில் இல்லாத நேரத்தில் வெளியே இப்படி நான்கு முறை. ஒருவர் பிழைத்தார். இருவர் அங்கேயே போய்விட்டார்கள். நான்காமவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. போனவர்களைப் பற்றி நினைப்பது நின்றுவிட்டது. அந்த நான்காமவர்தான் அவ்வப்போது வந்து போகிறார்.

~~~

முதலாண்டு மாணவி எழுதியது:

அக்கா, படிக்கும்போதே கை நடுங்குகிறது. ஒரு சந்தேகம். மூச்சு இருந்தால் அழுத்தக் கூடாது என்றுதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அவர் மூச்சு இழுத்தார் என்கிறீர்கள். எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

~~~

சைரன் எழுதியது:

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 16 ஆண்டுகளாக ஆம்புலன்ஸில் இருக்கிறேன், நாங்கள் போய்ச் சேரும்போது ஒருவரும் மார்பில் கை வைத்திருக்கவில்லை என்றால், அதற்குப் பெரும்பாலும் இந்த மூச்சுதான் காரணம்.

இதயம் நின்றவுடன் மூச்சும் அந்த நொடியே நின்றுவிடுவதில்லை. மூளைத்தண்டு இன்னும் கொஞ்சநேரம் தானாக மூச்சை இழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். குறட்டை போல, விக்கல் போல, தண்ணீருக்கு வெளியே போட்ட மீன் வாயைத் திறப்பது போல இருக்கும். இடைவெளி நீண்டுகொண்டே போகும். நம் ஊர்ப் பெரியவர்கள் "இழுத்துக்கொண்டிருக்கிறது" என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். அது மூச்சு என்ற கணக்கில் சேராது. பாடத்தில் "மூச்சு இல்லாவிட்டால்" என்று சுருக்கிவிடுகிறார்கள். "வழக்கமான மூச்சு இல்லாவிட்டால்" என்று படித்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு வழக்கம்போல் இல்லை, இந்த இரண்டும் சேர்ந்தால் பொதுமக்கள் நாடிகூடப் பார்க்க வேண்டியதில்லை, அழுத்தலாம். பயிற்சி பெற்றவர்களே நாடி தேடுவதற்கு 10 வினாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. சிஸ்டர் தன் நாடியையா அவர் நாடியையா தொட்டோம் என்று குழம்பியதாகச் சொன்னது எங்களுக்கும் நடப்பதுதான்.

அந்தக் கைகால் வெட்டு. இதயம் நின்றதும் மூளைக்கு இரத்தம் போகாததால் சில வினாடிகள் வலிப்பு போலவே உடல் உதறும். வலிப்பு என்று சொன்னவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையான வலிப்பே என்றாலும் வாயில் எதையும் வைக்காதீர்கள். பேனா உடைந்து தொண்டைக்குள் போவதும், பல் உடைவதும், வைத்தவர் விரல் கடிபடுவதும்தான் மிச்சம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது அதைவிட மோசம், நுரையீரலுக்குள் போகும்.

மூச்சுக் கொடுக்காதது பற்றி: சிஸ்டர், அதை விட்டுவிடுங்கள். பெரியவர் ஒருவர் கண்முன்னே திடீரென்று சரிந்தால், அவர் இரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் இருக்கும். அதை மூளைக்குத் தள்ளத்தான் ஆளில்லை. உங்கள் கைகள் அந்த வேலையைச் செய்தன. கைகளால் மட்டும் அழுத்தினாலே போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-லேயே பொதுமக்களுக்குச் சொல்லிவிட்டது. குழந்தைகளும் நீரில் மூழ்கியவர்களும் வேறு கணக்கு. அவர்களுக்கு முதலில் போவது மூச்சுதான், அதனால் அங்கே மூச்சுக் கொடுப்பதும் அவசியம். முகமூடி இருந்து, முறை தெரிந்திருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. மாரடைப்பும் இதயநிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் குழாய் அடைபடுகிறது. ஆள் வியர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உங்களோடு பேசுவார். பேசுகிறவர் மார்பில் ஏறி அழுத்தாதீர்கள். இதயநிறுத்தம் மின்கோளாறு மாதிரி, இயக்கமே போய்விடுகிறது. முதலாவது இரண்டாவதாக மாறலாம். பல நேரம் மாறுகிறது.

ஒன்றுமே செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 9 நிமிடம் என்கிறீர்கள். பெருக்கிப் பாருங்கள். நீங்கள் இருவரும் மாறி மாறி அழுத்தாமலிருந்தால் நாங்கள் அதிர்வு கொடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. நாங்கள் என்று சொல்வது பழக்கதோஷம், அந்த வண்டியில் நான் இல்லை.

~~~

கணக்குப்பிள்ளை எழுதியது:

மருத்துவம் எல்லாம் சரி. நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. வழக்கு வந்தால்?

~~~

கறுப்பு அங்கி எழுதியது:

வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஆலோசனை ஆகாது, உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலகம் இதில் இரண்டு வழியாகப் பிரிந்து போயிருக்கிறது. ஒன்று, உதவாவிட்டால் தண்டிப்பது. பிரான்ஸின் தண்டனைச் சட்டம் பிரிவு 223-6, தனக்கோ பிறருக்கோ ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாமல் போகிறவருக்கு 5 ஆண்டுச் சிறை, 75,000 யூரோ அபராதம் வரை விதிக்கிறது. ஜெர்மனியில் பிரிவு 323சி, ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். அங்கெல்லாம் கணக்குப்பிள்ளை அவர்கள் சொல்வதுபோல் செய்தித்தாளைத் தாண்டிக்கொண்டு நடந்துபோனால்தான் வழக்கு வரும்.

இன்னொரு வழி, உதவுகிறவரைக் காப்பது. காலிஃபோர்னியா 1959-இல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது; அமெரிக்காவின் மற்ற மாநிலங்களும் பின்னால் வந்தன. இந்தியாவில் உதவுகிறவரைக் காக்கும் அரசு வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலு கொடுத்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கென்று 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஆனால் அந்தப் பிரிவு சாலை விபத்துக்கு மட்டும், நடைமேடையில் மயங்கியவருக்கு அதைக் காட்ட முடியாது. பொதுவாக இத்தகைய சட்டங்கள் கேட்பது நல்லெண்ணம், கூலி வாங்காமை, கண்மூடித்தனமான அலட்சியம் இல்லாமை. தொடங்கிய பிறகு, வேறு ஒருவர் பொறுப்பேற்கும்வரை விட்டுவிட்டுப் போகாமையும் பல இடங்களில் முக்கியம். இரவுப்பணி அவர்கள் இதில் எதையும் மீறவில்லை.

செவிலியருக்கென்று தனி விதி வைத்திருக்கும் இடமும் உண்டு. பிரிட்டனின் செவிலியர், பேறுகாலச் செவிலியர் மன்றத்தின் நடத்தை விதிகளில் 15-ஆவது, பணியிடத்திலோ வேறு எங்கேயுமோ அவசரநிலை ஏற்பட்டால் எப்போதும் உதவ முன்வர வேண்டும் என்கிறது. "வேறு எங்கேயுமோ" என்பதைக் கவனியுங்கள். கூடவே மூன்று வரம்புகள்: உன் அறிவுக்கும் திறனுக்கும் உட்பட்டு மட்டும் செய், முடிந்தவரை விரைவில் அவசர சிகிச்சை வந்துசேர ஏற்பாடு செய், உன் பாதுகாப்பையும் மற்றவர் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்.

~~~

கணக்குப்பிள்ளை எழுதியது:

பார்த்தீர்களா, திறனுக்கு உட்பட்டு! எலும்புப் பிரிவு செவிலியருக்கு இதயம் எப்படித் திறனுக்கு உட்பட்டது?

~~~

பழைய தலைமைச் செவிலி எழுதியது:

தம்பி, இதென்ன வாதம்? இதயம் நின்றால் எந்தப் பிரிவாக இருந்தாலும் செவிலி அழுத்தத்தான் வேண்டும். கண் பிரிவிலும் அழுத்துவோம். 1960-இல் அமெரிக்காவில் மூன்று பேர், கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தலாம் என்று கட்டுரை எழுதினார்கள். அதில் மூவரும் பெருமையாகச் சொன்னதே, யாரும் எங்கேயும் தொடங்கலாம், இரண்டு கைகள் இருந்தால் போதும் என்பதைத்தான். அவர்களில் கூவன்ஹோவன் மருத்துவரே இல்லை, மின்பொறியாளர். அவருக்கும் நீர் "திறன்" கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருப்பீர்.

~~~

கணக்குப்பிள்ளை எழுதியது:

என்னைக் கல்நெஞ்சனாக்கிப் பேசுவது எளிது அம்மா. நான் கேட்பது வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பவர்கள் சார்பாக. நீங்கள் எல்லோரும் ஊருக்கு உழைக்கலாம், வலிக்கும் மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் யார் கொடுப்பது?

~~~

மட்டுறுத்துநர் எழுதியது:

தனிப்பட்ட குத்தல் போதும். ஒத்தடம் பற்றித் தனி இழை தொடங்கலாம்.

~~~

வேடிக்கை பார்த்தவன் எழுதியது:

நான் மருத்துவத் துறையில் இல்லை. இந்தப் பெயரை இன்றைக்குத்தான் வைத்துக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கூட்டத்தில் நான் இருந்தேன். வேறு இடம், வேறு ஆள். எங்களில் யாரும் செவிலியர் இல்லை. முப்பது பேராவது இருந்திருப்போம். எல்லோரும் அக்கறையோடுதான் நின்றோம், அதைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் விசிறினார். ஒருவர் காலைத் தேய்த்துவிட்டார். யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். எல்லோரும் அப்படியே நினைத்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். 1968-இல் லட்டானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர்கள்மேல் சுவர்த் துவாரம் வழியாகப் புகை வரும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாத மாதிரி நடிக்கச் சொல்லப்பட்ட இருவரோடு உட்கார்ந்திருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகையை விலக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினார்களாம். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

சகோதரி, நீங்கள் நின்ற வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நாங்கள் நிமிடக்கணக்கில் நின்றோம். நீலச் சட்டைக்காரரை விரல் நீட்டி அழைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அன்றைக்கு என்னை யாராவது அப்படி அழைத்திருந்தால் நான் ஓடியிருப்பேன். உண்மையாகவே ஓடியிருப்பேன்.

~~~

சைரன் எழுதியது:

"யாராவது கூப்பிடுங்கள்" என்று சொன்னால் யாரும் கூப்பிட மாட்டார்கள். சட்டை நிறத்தைச் சொல்லி, கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கியில் போட்டதும் சரி. எதிர்முனையில் இருப்பவர் எண்ணிக்கொண்டே வருவார், தனியாக இருக்கும் உணர்வு குறையும்.

மாணவிக்கு: வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பதற்றத்தில் எல்லோரும் இன்னும் வேகமாகப் போவார்கள், ஆழம் குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் மேலே எழும்ப விட வேண்டும், அதன்மேல் சாய்ந்துகொண்டே இருந்தால் இதயத்தில் இரத்தம் நிரம்பாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். களைப்பு தெரியவில்லையே என்று தொடராதீர்கள், உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஆழம் போய்விடும்.

~~~

முதலாண்டு மாணவி எழுதியது:

நன்றி அண்ணா. இன்னொன்றும் கேட்கிறேன், கேட்கலாமா தெரியவில்லை. விழுந்தவர் பெண்ணாக இருந்திருந்தால் அந்தக் கல்லூரி மாணவர் எதிரில் வந்து உட்கார்ந்திருப்பாரா?

~~~

இரவுப்பணி எழுதியது:

எனக்கும் அது தோன்றியது. தெரியவில்லை அம்மா. பெண்ணாக இருந்திருந்தால் நானேகூடத் தாமதித்திருப்பேன் என்று நினைக்கிறேன், சுற்றி இத்தனை ஆண்கள் நிற்கும்போது ஆடையை விலக்குவது எப்படி என்று.

~~~

சைரன் எழுதியது:

அமெரிக்காவில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அருகிலிருந்தவர்கள் மார்பு அழுத்தம் செய்தார்கள், பெண்களில் 39 சதவீதம் பேருக்கு. ஆறு சதவீதம்தானே என்று எண்ண வேண்டாம், அது உயிர்க்கணக்கு.

நடைமுறையில்: அழுத்துவதற்கு ஆடையைக் கழற்ற வேண்டியதில்லை, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் துணியின் மேலேயே அழுத்தலாம். அதிர்வுக் கருவியின் ஒட்டுகள் மட்டும் தோலில் நேராகப் பட வேண்டும். அப்போது நான்கு பேரை வெளிப்புறம் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். நின்று பார்ப்பவர்களுக்கும் ஒரு வேலை கிடைக்கும். நான் பல முறை இப்படிச் செய்திருக்கிறேன், முணுமுணுக்காமல் திரும்பி நிற்பார்கள்.

~~~

இரவுப்பணி எழுதியது:

சைரன் அண்ணா, அவர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

~~~

சைரன் எழுதியது:

நேராகச் சொல்கிறேன் சிஸ்டர். கஷ்டம். நோயாளி விவரத்தை மருத்துவமனை உங்களுக்குச் சொல்லக் கூடாது, அந்த விதியின் இந்தப் பக்கம் நீங்களும் பல முறை நின்றிருப்பீர்கள். எங்களுக்கே பெரும்பாலும் தெரியாது. வாசலில் ஒப்படைத்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவோம். துடிப்பு வந்தது என்பது பிழைத்தார் என்பதாகாது, அதை நான் மறைத்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புகிறவர்கள் பல நாடுகளில் பத்தில் ஒருவர் அளவுதான். ஆனால் கண்முன் விழுந்து, உடனே அழுத்தப்பட்டு, அதிர்வுக்கு இணங்கிய இதயம் என்றால் அந்தப் பத்தில் ஒன்றைவிட மேலான இடத்தில்தான் இருப்பார். இதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

~~~

பழைய தலைமைச் செவிலி எழுதியது:

செருப்பை இருக்கையின்மேல் எடுத்து வைத்தாயே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

~~~

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்த இழையை நேற்று இரவு மனைவியிடம் காட்டினேன். என் பதிவுகளையும் சேர்த்து. படித்து முடித்துவிட்டு, போன ஆண்டு தானும் சாலையில் இப்படி ஒருவருக்காக நின்றதாகச் சொன்னாள். தாமதமாக வந்த அன்று வண்டி பழுது என்று என்னிடம் சொன்னதெல்லாம் பொய்யாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் இதைத்தானே சொல்லியிருப்பீர்கள்" என்று என் முதல் பதிவைக் காட்டினாள்.

சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அதைப் பதிவு செய்துவிடுகிறேன். மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

~~~

இரவுப்பணி எழுதியது:

பரவாயில்லை ஐயா. உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இன்று பணி முடிந்து அதே நடைமேடைக்குப் போனேன். செருப்பைக் காணோம், துப்புரவுப் பணியாளர் எடுத்திருப்பார். ரயில் வர நேரம் இருந்ததால் சுற்றிப் பார்த்தேன். அதிர்வுக் கருவி இருக்கிறது. பச்சைப் பலகையில் வெள்ளை இதயமும் நடுவில் மின்னலும் போட்ட பெட்டி. பூட்டுகூட இல்லை. படிக்கட்டை ஒட்டிய தூணின் மறுபக்கம் இருக்கிறது, அதனால் ரயிலைப் பார்த்து நிற்கும் யார் கண்ணிலும் படாது. அவர் விழுந்த இடத்திலிருந்து காலடி வைத்து எண்ணினேன். 43.

அந்தப் பையன் எதிர்ப்பக்கமாக ஓடினான். ஓடச் சொல்ல எனக்கு ஆள் இருந்தது, எந்தப் பக்கம் என்று சொல்லத்தான் தெரியவில்லை. அந்த நிலையத்தில் ஏழு ஆண்டுகளாக தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறேன்.